வவுனியா விமானத்தளத்துக்குக் கிட்ட 9 மாடி: உயரத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

ஓமந்தை:
வணக்கம் உறவுகளே. ஓடுபாதை 1200 மீற்றருக்கு மேல, 1800க்குள்ள எண்டு எடுப்பம். விமானி கண்ணால பார்த்து இறங்கிற ஓடுபாதை, கருவி வழி இறக்கம் இல்லை. அதின்ர முனையிலயிருந்து நேரே 1260 மீற்றர், நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில 120 மீற்றர் தள்ளி ஒரு காணி. நிலம் முனையைவிட 4 மீற்றர் மேடு. கட்டடம் தண்ணீர்த் தாங்கியோட 34 மீற்றர். சுத்திவர 45 மீற்றர் மட்டும் கட்டலாம் எண்டு சொல்லுகினம். சரியோ?

கனகராயன்:
அந்த 45 மீற்றர், ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீற்றருக்கு விரியிற உள்கிடைத்தளத்துக்கு உரியது; தளம் எண்டால் கட்டடம் தாண்டக்கூடாத, கற்பனையான எல்லைப் பரப்பு. உங்கட காணி ஓடுபாதையின் நீட்சியில கிடக்கு. அங்க விமானம் இறங்கவும் ஏறவும் விட்டுவைக்கிற சரிவுத்தளங்கள்தான் தீர்மானிக்கும்.

முதல்ல இறங்கும் தளம். முனைக்கு 60 மீற்றர் தள்ளி 150 மீற்றர் அகலத்தில தொடங்கி, பக்கத்துக்கு 10% விரிந்து, 3.33% ஏறும். காணிக்கு மிச்சத் தூரம் 1200 மீற்றர், ஆகவே தளம் 40 மீற்றரில நிற்கும். உங்கட உச்சி 34+4=38. இரண்டு மீற்றர் தப்புது. கனபேர் இதோட கணக்கை மூடிவிடுவினம். பிழை அங்கதான்.

அதே முனையால மேலெழும்பும் தளத்தையும் பாருங்கோ. 180 மீற்றர் அகலத்தில தொடங்கி, பக்கத்துக்கு 12.5% விரிந்து, 2% மட்டுமே ஏறும். 1200 மீற்றரில உயரம் 24, அரை அகலம் 240. நீங்கள் 120இல நிற்கிறீங்கள், 14 மீற்றர் குத்திக்கொண்டு.

ஏன் 2%? இரட்டை எஞ்சின் விமானம் கிளம்பின கையோட ஒரு எஞ்சின் நின்றால், ஏறுற வலு மிகவும் குறைஞ்சுபோகும். வன்னியின் சித்திரை வெயில் 35 பாகையைத் தொட்டால் காற்று அடர்த்தி குறைஞ்சு, ஏறக்குறைய 800 மீற்றர் உயர மலைநாட்டில கிளம்புற மாதிரித்தான் விமானம் நடக்கும். அந்த நேரத்தில 14 மீற்றர் சின்ன விசயமில்லை.

மாங்குளம்:
உயரத்தை ஆர், எதால அளந்தது? கைத்தொலைபேசியோ ஜிபிஎஸ் கருவியோ தாற உயரம் சிலவேளை கடல்மட்ட உயரமாக இராது. இலங்கைப் பக்கம் இரண்டுக்கும் இடையில 90 மீற்றருக்கு மேல வித்தியாசம். வவுனியா நிலம் கடல்மட்டத்தோட ஒட்டினதுபோல, சிலவேளை மைனஸிலகூடக் காட்டும். ஓடுபாதை முனைக்குக் கடல்மட்ட உயரமும் காணிக்கு ஜிபிஎஸ் உயரமும் போட்டால் எந்த மாடியும் பாஸாகிவிடும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு நில அளவைத் திணைக்களம் கடல்மட்ட உயரம் குறிச்சு வைச்ச மட்டக்குறியிலயிருந்து மட்டம் இறக்குங்கோ. ஆள்கூற்றையும் கவனியுங்கோ: உள்ளூர் வரைபடம் எஸ்எல்டி99 எண்ட இலங்கை ஆள்கூற்று முறையில இருக்கும், விமானத்துறை டபிள்யூஜிஎஸ்84 எண்ட உலகப் பொது முறையில கேட்கும்.

ஓமந்தை:
நன்றி அண்ணை. சிவப்பு விளக்குப் பூட்டினால் விடுவினமோ? முன்னுக்கு உயரமான பனைகளும் நிற்குது.

கனகராயன்:
விளக்கு தடையைக் காட்டும், குறைக்காது. உள்கிடைத்தளத்தையோ, அதின்ர ஓரத்திலயிருந்து வெளியால ஏறுற கூம்புத்தளத்தையோ தாண்டினால் விமானப் பாதுகாப்பு ஆய்வு செய்து சில இடங்களில் விடலாம். மேலெழும்பும் தளத்தில புதுத் தடைக்கு ஒரே வாசல், ஏற்கெனவே நிற்கிற அசையாத பொருளின் மறைவில அது அடங்குதெண்டு அதிகாரசபை ஒத்துக்கொள்வது. பனை தறிக்கக்கூடியது, அதை நம்பாதேங்கோ.

அந்த இடத்திலயே கட்டினால் உச்சி 20 மீற்றர். தாங்கி, இடிதாங்கி, அன்ரெனா எல்லாம் அதுக்குள்ள. 3.2 மீற்றர்ப்படி 5 தட்டு 16, மிச்சம் 4. கட்டும்போது நிற்கிற கிரேனின்ர கையும் இந்தக் கணக்குக்குள்ளதான். அதைத்தான் எல்லாரும் மறக்கிறது. காணி பெரிதெண்டால் கட்டடத்தை நடுக்கோட்டிலயிருந்து 240 மீற்றருக்கு அப்பால் தள்ளுங்கோ. அங்க எல்லை 45, உங்கட 38 நிற்கும்.

மாங்குளம்:
ஆனால் பிற்காலம் அந்த முனைக்குக் கருவி வழி இறக்கம் வந்தால் இறங்கும் தளமும் 2% ஆகும், அரை அகலம் அந்தத் தூரத்தில 320 மீற்றர். அந்த ஓரத்திலயும் எல்லை 24 மீற்றரில தொடங்கித்தான் வெளியால மேல ஏறும்; தள்ளுறதெண்டால் 38 மீற்றருக்கு இடம் கிடைக்க ஏறக்குறைய 420 மீற்றருக்கு அப்பால் தள்ளுங்கோ. காணி வாங்க முதலே சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிட்ட உயர அனுமதி கேளுங்கோ: நாலு மூலையின் ஆள்கூறு, நில மட்டம், உச்சி மட்டம், கிரேன் உயரம், அது நிற்கிற மாதங்கள். விமானப்படைத் தளம் எண்டபடியால் அவையின்ர பதிலும் எழுத்தில வேணும்.