பாட்டில் மாறினால் காய்ச்சல் மருந்தின் அளவும் மாறுமா?

நாகலூர் அம்மா:
ஏற்காடு பக்கம் இருக்கிறோம். பையனுக்கு 2 வயது, 12 கிலோ. ராத்திரியிலிருந்து காய்ச்சல், 101.5. பழைய பாராசிட்டமால் சிரப் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் சேலத்தில் வேறு பாட்டில் வாங்கி வந்தார். அதே ஆரஞ்சு நிறம்தான், ஆனால் பழையதில் 120, இதில் 250 என்று போட்டிருக்கிறது. வழக்கமான 5 மி.லி. கொடுக்கலாமா? இந்த மழையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க முடியாது.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
வேண்டாங்க, நல்லவேளை கேட்டீர்கள். 5 மி.லி.யில் 250 மி.கி. என்று அர்த்தம், பழையதைப்போல இரட்டிப்பு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. கணக்கு. உங்கள் பையனுக்கு இதில் 3 மி.லி. போதும், 150 மி.கி. ஆகிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளங்கள். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் விடுங்கள், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. சளி சிரப்பும் கொடுக்கிறீர்களா? சிலதில் பாராசிட்டமால் கலந்தே வரும்.

அஸ்தம்பட்டி பாட்டி:
கண்ணு, காபி ஸ்பூனில் மட்டும் ஊற்றாதே. என் வீட்டு ஸ்பூன்களில் ரெண்டு ஒரே அளவு பிடிக்காது. டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென் என்கிற இன்னொரு காய்ச்சல் மருந்து பக்கமே போகாதே. பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ ஒன்றுக்கு சரியாகப் போகாவிட்டாலோ மழையாவது ஒன்றாவது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

நாகலூர் அம்மா:
3 மி.லி. கன்னத்தோரமாக விட்டேன், துப்பவில்லை. சளி சிரப் லேபிளிலும் பாராசிட்டமால் இருக்கிறது! அதை அலமாரி மேலே ஏற்றிவிட்டேன்.