திருவனந்தபுரம் பப்ளிக் லைப்ரரியில் வெளியூர்க்காரர் போய் உட்காரலாமா?

குழித்துறைக்காரன்:

வணக்கம். மாமியாருக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் சிகிச்சை நடக்கிறது. பெண்கள் வார்டு என்பதால் பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, மனைவிதான் உள்ளே இருக்கிறாள், எனக்குக் காலையில் சாப்பாடு கொண்டு கொடுத்தால் அப்புறம் சாயங்காலம் பார்வையாளர் நேரம் வரைக்கும் வேலையில்லை. லாட்ஜ் அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குப் பதில் பாளையத்தில் உள்ள பெரிய லைப்ரரியில் போய் உட்காரலாமா என்று யோசனை. சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: தமிழ்நாட்டு ஆதார் வைத்திருப்பவனை உள்ளே விடுவார்களா, தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா, அப்புறம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகா பற்றித் திருவிதாங்கூர் காலத்தில் எழுதியது ஏதாவது அங்கே கிடைக்குமா. எங்கள் தாத்தா அந்தக் காலத்து அரசாங்கத்தில் ஏதோ சின்ன உத்தியோகம் பார்த்தவர், அந்த ஆர்வம்தான். ஒரு சிக்கல், மலையாளம் நன்றாகப் பேசுவேன், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

கரமனைத் தமிழன்:

அண்ணாச்சி, தாராளமாகப் போங்க. மாமியார் சீக்கிரம் குணமாகட்டும். உட்கார்ந்து படிப்பது வேறு, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது வேறு. எடுத்துப் போகத்தான் உறுப்பினர் அட்டை, டெபாசிட், முகவரிச் சான்று எல்லாம். பத்திரிகை படிக்க, அங்கேயே இருந்து புத்தகம் புரட்ட என்று வருகிறவரை ஆதார் எந்த மாநிலத்தது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வாசலில் ஒரு பதிவேடு இருந்தால் பெயர் எழுதுங்க, பை இருந்தால் வெளியே வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். எந்தெந்த நேரம் எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பதை மட்டும் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்க.

வழி சொல்கிறேன். மெடிக்கல் காலேஜ் வாசலில் கிழக்கேகோட்டை பஸ் ஏறினால் பட்டம், பிஎம்ஜி வழியாகப் பாளையம் வரும். இறங்கி 'பப்ளிக் லைப்ரரி' என்றே கேளுங்க. ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி என்பது அரசாங்கப் பெயர், ஊர்க்காரர்கள் வாயில் அது பப்ளிக் லைப்ரரிதான். சும்மா லைப்ரரி என்று கேட்டால் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கைகாட்டிவிடுவார்கள், அதுவும் பாளையத்தில்தான் இருக்கிறது.

1829-இல் தொடங்கியது, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பேற்ற அதே வருஷம். இந்தியாவில் பொது நூலகம் என்று சொல்லத்தக்கவற்றில் ரொம்பப் பழையவற்றுள் ஒன்று. நம் சென்னை கன்னிமாரா திறந்ததே 1896-இல்தான். இதில் ஒரு வேடிக்கை, பாளையத்தில் நீங்கள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கன்னிமாரா மார்க்கெட் இருக்கிறது, அதே சென்னை கவர்னர் பெயர்தான். சென்னையில் அவர் பெயரில் புத்தகம், இங்கே மீனும் காய்கறியும்.

தமிழ்ப் புத்தகம் உண்டு, மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதத்தோடு தமிழும் வைத்திருக்கிறார்கள். ஆனால் போன மாதம் வந்த நாவலைத் தேடிப் போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். பழைய பதிப்புகள் பார்க்கப் போங்க. தமிழ்ப் பேப்பர் வேண்டுமென்றால் தம்பானூரில் வாங்கிக் கையோடு கொண்டு போய்விடுவது என் பழக்கம்.

ஓய்வுபெற்ற நூலகர்:

தமிழ்நாட்டுப் பொது நூலகத்துறையில் வேலை பார்த்தவன், கேரள நூலகங்களுக்கும் வாசகனாகப் போனதுண்டு. கேள்வி கேட்டவர் மலையாளம் படிக்க வராது என்று கவலைப்படுகிறார். விளவங்கோடு பற்றிய பழைய திருவிதாங்கூர்ச் செய்திக்கு மலையாளம் அவ்வளவு அவசியமே இல்லை. திருவிதாங்கூர் அரசின் வருடாந்திர நிர்வாக அறிக்கைகள், மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சானவை. நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் 1906-இல் மூன்று தொகுதியாக வந்தது, வேலுப்பிள்ளை எழுதியது 1940-இல் நான்கு தொகுதி, இரண்டும் ஆங்கிலம். தாலுகா தாலுகாவாக நிலம், ஆறு, குளம், கோயில், வரி, சாதி, விளைச்சல் என்று இருக்கும். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கத்தோடு இருந்தவை என்பதால், அதற்கு முந்தைய நம் மாவட்டத்துக் கதையைச் சென்னையில் தேடுவது வீண் அலைச்சல், அது எழுதப்பட்ட ஊர் திருவனந்தபுரம்தான்.

இன்னொன்று. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி வகைப்பாடு வைத்திருக்கும் எந்த நூலகமானாலும் தமிழ் இலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812. ஒட்டினாற்போல் அடுத்தடுத்த எண், அலமாரியில் மலையாளம் முடியும் அல்லது தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் நம் ஆட்கள் பக்கத்தில் நிற்பார்கள். வரலாறு மொழிவாரியாக இல்லை, மாநிலவாரியாகப் பிரியும். தமிழ்நாடு 954.82, கேரளம் 954.83. குமரி மாவட்டத்தின் பழைய வரலாறு பெரும்பாலும் 83-இல்தான் கிடக்கும், 82-இல் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய அரசிதழ், அறிக்கை பலவற்றில் தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்கத்திலிருந்து தனு மாதத்தின் நடுவரை, அதாவது நம் ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய, 824 கூட்டுங்கள், மிச்ச மாதங்களுக்கு 825. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் இருக்கிறதே, 1099 கர்க்கடகம், 825 கூட்டினால் 1924 ஜூலை. தாத்தாவின் நியமனத் தேதி எங்காவது கண்ணில் பட்டால் இந்தக் கணக்கு உதவும்.

தயவுசெய்து வரிசையை நீங்களே குடைய வேண்டாம், அங்கே இருக்கும் ரெஃபரன்ஸ் பகுதி ஊழியரிடம் 'இன்ன தாலுகா, இன்ன காலம், ஆங்கிலத்தில் இருந்தால் போதும்' என்று சொல்லுங்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே எழுதி வைத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. அதைக் காப்பாற்றத்தான் அந்த ஊழியருக்குச் சம்பளம்.

நாஞ்சில் பழைய பேப்பர்:

நூலகர் ஐயா சொன்னது சரி, ஆனால் ஒரு திருத்தம் போடணும். ஸ்டேட் மேனுவலைப் படிக்க ஒருத்தர் பாளையம் வரைக்கும் போகணுமா? நாகம் ஐயா புத்தகம் முழுக்க ஸ்கேன் செய்து இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கிறது, லாட்ஜிலேயே போனில் இறக்கிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் பதிப்புகள் ஏராளம். பப்ளிக் லைப்ரரியே தன் பழைய புத்தகங்களையும் அரசிதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. அதனால் முதல் ராத்திரி போனில் என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, கிடைக்காததை மட்டும் நேரில் கேளுங்கள்.

தாத்தா உத்தியோகம், நிலம் என்று ஆள் பெயரோடு தேடுவதாக இருந்தால் அது நூலக வேலை கிடையாது, ஆவணக் காப்பக வேலை. கேரள அரசின் ஆவணக் காப்பகம் தனி, அதற்கு விண்ணப்பம், என்ன தேடுகிறோம் என்ற விளக்கம் எல்லாம் வேண்டும், ஆஸ்பத்திரி இடைவெளியில் முடிகிற காரியமில்லை. ஆனால் கிழக்கேகோட்டைப் பக்கம் ஃபோர்ட்டில் உள்ள சென்ட்ரல் ஆர்க்கைவ்ஸில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று 2022 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள், அதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் அந்தக் காப்பகத்தில்தான் இருக்கின்றன, ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய கட்டுகளுக்குச் சுருணை என்று பெயர். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று நாம் பள்ளியில் பேர்கூடக் கேள்விப்படாத எழுத்தெல்லாம் கண்ணால் பார்க்கலாம். தமிழிலும் இருக்கிறது. மலையாளம் படிக்க வராதவர்தானே நீங்கள், அங்கே போனால் மலையாளிக்கும் படிக்க வராது, சரிசமம்.

கரமனைத் தமிழன்:

நாஞ்சில், போனில் படிக்கலாம்தான், ஆனால் மனுஷன் ஆஸ்பத்திரிக் கவலையோடு இருக்கிறார். நாலு பேர் சத்தமில்லாமல் படிக்கிற இடத்தில் போய் உட்காருவதே ஒரு ஆறுதல், அதற்கு ஸ்கேன் காப்பி ஆகாது. அந்த விக்டோரியா காலத்துக் கட்டடத்தைப் பார்க்கவே போகலாம்.

சுவடி என்றதும் ஞாபகம் வந்தது, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது, பல்லாயிரக்கணக்கில் சுவடி, தமிழும் அதில் உண்டு. தமிழ்த்துறையும் அங்கேதான். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை இந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பேராசிரியராக இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்தில் உள்ளூர் என்றே பெயருள்ள இடத்திலிருந்து ஸ்ரீகாரியம் வழி பஸ் உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் போகிற இடம், முன்கூட்டிக் கேட்காமல் போகாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

நான் பாலக்காட்டுப் பக்கம், எங்களுக்குத் திருவனந்தபுரத்தை விடக் கோயம்புத்தூர் பக்கம். ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கேரளத்தில் நகரத்துப் பெரிய நூலகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் கிளை நூலகம் என்றால் துறை நடத்துவது, 1948 சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி வசூலித்து, அதில் ஓடுவது. இங்கே ஊர் வாசகசாலையை ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்துவார்கள், லைப்ரரி கவுன்சில் தரம் பார்த்து கிராண்ட் கொடுக்கும். பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் கூட்டம் கூட்டி ஊர் நூலகங்களைச் சங்கமாகச் சேர்த்ததில் வந்தது இதெல்லாம். அவர் இறந்த ஜூன் 19-ஐ வாசிப்பு தினம் என்று பள்ளிக்கூடங்களில் இன்னமும் கொண்டாடுகிறார்கள், எங்கள் தமிழ் மீடியம் பிள்ளைகளும் சேர்ந்துதான்.

அண்ணா, உங்கள் லாட்ஜுக்கு அக்கம்பக்கத்திலேயே இப்படி ஒரு வாசகசாலை இருக்கும், டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சாயங்காலம்தான் திறப்பார்கள். கேரம் போர்டு, பேப்பர், நாலு பெரியவர்களின் அரசியல் சண்டை எல்லாம் இலவசம். தமிழ்ப் புத்தகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எல்லைப் பஞ்சாயத்துகளில்கூடத் தமிழ் அலமாரி சின்னதாகத்தான் இருக்கிறது, இருப்பதும் யாரோ தானம் கொடுத்த பழசு. எனக்குத் தெரிந்த ஒரு வாசகசாலையில் தமிழ்ப் புத்தகம் வாங்கச் சொல்லிக் கேட்டால் 'யார் படிப்பார்கள்' என்று பதில் வருகிறது, வாங்கினால்தானே யார் படிப்பார்கள் என்று தெரியும்! கமிட்டித் தேர்தலில் நம் ஆட்கள் நிற்பதில்லை, நின்றால் அலமாரியும் தானாக வளரும் என்பது என் கட்சி.

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நாஞ்சில் சொன்ன மாதிரி ராத்திரி போனில் பார்த்தேன், மேனுவல் கிடைத்துவிட்டது, விளவங்கோடு பற்றிக் கொஞ்சம் படித்தும் ஆயிற்று. இப்போது பாளையத்துக்குப் போய் நிர்வாக அறிக்கைகளும் கணக்கெடுப்பும் மட்டும் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஒரே சந்தேகம், பக்கங்களைப் போனில் படம் எடுக்க விடுவார்களா? அப்புறம் எந்த நாளில் பூட்டியிருக்கும்?

ஓய்வுபெற்ற நூலகர்:

கேட்டுவிட்டு எடுங்கள். பழைய தாள் நொறுங்கும், ஃபிளாஷ் வேண்டாம், புத்தகத்தின் முதுகை மடக்கி விரிக்க வேண்டாம். ஜெராக்ஸ் கொடுப்பதாக இருந்தால் அவர்கள் கையாலேயே எடுத்துக் கொடுப்பார்கள். பேனாவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பென்சில் கொண்டு போங்கள், அரிய நூல் பகுதியில் மரியாதை கூடும்.

கரமனைத் தமிழன்:

கேரள அரசு விடுமுறைப் பட்டியல் நம்முடையது மாதிரி இருக்காது, ஓணத்துக்குத் தொடர்ந்து சில நாள் போய்விடும். திருவனந்தபுரம், பாலக்காடு மாதிரித் தமிழர் நிறைய உள்ள மாவட்டங்களுக்குத் தைப்பொங்கல் அன்றும் உள்ளூர் விடுமுறை உண்டு, அந்த விஷயத்தில் நம்மைக் கௌரவப்படுத்தியிருக்கிறார்கள். ஹர்த்தால் அறிவித்தால் பஸ்ஸே கிடையாது.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

மாசி மாதம் ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் பொங்கல் வைக்கும் ஆற்றுகால் பொங்காலை அன்றைக்கும் வேண்டாம் அண்ணா. அன்று திருவனந்தபுரத்துக்கு மட்டும் விடுமுறை, பெரிய ரோடு, சந்து எல்லாவற்றிலும் செங்கல் அடுப்பு, பானை, புகை. உங்கள் ஊரிலிருந்தே அத்தனை பெண்கள் வருவார்கள். லைப்ரரியை விட்டுவிட்டு வீட்டுக்காரிக்கு விறகு வாங்கிக் கொடுங்கள்.

குழித்துறைக்காரன்:

அவள் ஏற்கனவே மாமியார் குணமானால் பொங்காலை போடுவதாக நேர்ந்துகொண்டாள். செங்கல் நான்தான் பிடிக்கணும். நாளைக்கு முதலில் பாளையம்.