பழைய பாமாயிலும் கற்பூர மரத் தைலமும் விமானத்துக்கு ஆகுமா?

குன்னூர்_பேக்கரி:
சிப்ஸ், மிக்சர் போட்டு மீந்த பாமாயிலை ஒருத்தர் பயோடீசலுக்குன்னு வாங்கிட்டுப் போறார். இப்ப "விமான எரிபொருளுக்கும் போகும், சுத்தமா வைங்க"ன்றார். பயோடீசலையே விமானத்துல ஊத்த முடியாதா? நம்ம நீலகிரித் தைலம் (கற்பூர மரம்னு நாம சொல்ற யூகலிப்டஸ் எண்ணெய்) நல்லா எரியுதே, அது ஆகாதா? இப்படிச் செய்யற மாற்று எரிபொருளை ஜெட் எரிபொருளோட 50 சதவீதத்துக்கு மேல கலக்கக் கூடாதுன்னும் சொல்றாங்களே, ஏன்?

ரிஃபைனரி_ராஜு:
பயோடீசல் ஆகவே ஆகாது சார். வழக்கமான விமான எரிபொருளான ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. 35,000 அடியில் வெளிக்காற்றே சுமார் மைனஸ் 54. பாமாயில் பயோடீசல் 13–16 டிகிரியிலேயே கலங்க ஆரம்பிக்கும். ஜனவரியில் ஊட்டியில் ஜீப் ஃபில்டரையே அடைக்கும். ஒரே டேங்கர், ஒரே பைப்லைனில் பயோடீசலும் போவதால், ஜெட் எரிபொருளில் அதன் மிச்சம்கூட கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

விமானத்துக்கு என்றால் உங்கள் எண்ணெயை ஹைட்ரஜனோடு, வினையூக்கி மேல், அதிக அழுத்தத்தில் சூடாக்குவார்கள். ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடும், கிளிசரின் பகுதி புரோபேன் ஆகும். மிஞ்சுவது 15 முதல் 18 கார்பன் வரையுள்ள நேர்ச் சங்கிலிகள். அதோடு வேலை முடியாது. 16 கார்பன் சங்கிலி 18 டிகிரியில் உறையும், 18 கார்பன் 28 டிகிரியில். குன்னூர் குளிரில் அது மெழுகுதான். அதனால் சங்கிலியை வெட்டி, கிளைக்க வைத்து, உறைநிலையை இறக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி மூலப்பொருளான எண்ணெய்க்கே. ஹைட்ரஜனும் இந்த இரண்டாவது கட்டமும் அதற்கு மேல் செலவு வைக்கும்.

தைலக்_காய்ச்சி:
தைலத்தைப் பொறுத்தவரை எரிவது பிரச்சினையே இல்லை. அதில் முக்கியமானது சினியோல் என்ற பொருள். தீப்பற்று நிலை ஏறக்குறைய 48 டிகிரி, ஜெட்டுக்குக் குறைந்தது 38 போதும். ஆனால் சுத்த சினியோல் 1.5 டிகிரியிலேயே உறையும். அடர்த்தி லிட்டருக்கு 0.92 கிலோ, ஜெட்டுக்கு உச்சம் 0.84. எடையில் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரியும் ஆற்றலைத் தின்றுவிடும். தைலத்தை மருந்துக்கே விடுங்கள், விலையும் அங்கேதான்.

கலவை_கணக்கு:
50 என்பது உச்ச வரம்பு, அவ்வளவு கலந்தே தீரணும்னு இல்லை. கலந்தபின் அடர்த்தி கனமீட்டருக்கு 775–840 கிலோ, அரோமேட்டிக் (கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த பொருட்கள்) குறைந்தது 8 சதவீதம் இருக்கணும். ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் எரிபொருளில் அரோமேட்டிக் கிட்டத்தட்ட பூஜ்யம், அடர்த்தி 755 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைத்த ஜெட் ஏ-1 அடர்த்தி 790, அரோமேட்டிக் 15 என்றால், பாதிக்குப் பாதி கலந்தால் 772.5, 7.5. ரெண்டுமே ஃபெயில். 42 சதவீதத்தில் நிறுத்தினால் 775.3, 8.7. பாஸ்.

அரோமேட்டிக் எதுக்குன்னா, பழைய விமானங்களின் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) அதைக் குடித்து உப்பித்தான் இறுக்கமாக நிற்கும். திடீரென்று இல்லாமல் போனால் சுருங்கிக் கசியும். 2018 ஆகஸ்டில் ஒரு விமானம் டேராடூனில் இருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எரிபொருளில் பறந்தபோது 25 சதவீதக் கலவைதான். 2023 நவம்பரில் லண்டன்–நியூயார்க் விமானம் முழுக்க மாற்று எரிபொருளில் போனது, அதிலும் 12 சதவீதம் செயற்கை அரோமேட்டிக் சேர்த்தார்கள்.

குன்னூர்_பேக்கரி:
சரி சார். "சுத்தமா வைங்க"ன்னா என்ன செய்யணும்?

ரிஃபைனரி_ராஜு:
முதல் எதிரி உப்பு. மிக்சர் தூளோடு போகும் குளோரைடு ரியாக்டருக்குள் அமிலமாகி ஸ்டீல் குழாயை அரிக்கும். அடுத்தது பாஸ்பரஸும் சோடியம், கால்சியம் போன்ற உலோகங்களும். வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செத்துப்போக வைக்கும். அவர்களே முன்சுத்திகரிப்பு செய்வார்கள், ஆனால் அழுக்கைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள்.

எண்ணெய் 60 டிகிரிக்கு இறங்கியதும் நைஸ் மெஷ்ஷில் வடியுங்கள். ஆறவிட்டு பிளாஸ்டிக் கேனில் ஊற்றுங்கள். துருப்பிடித்த தகர டின் வேண்டாம், இரும்பு எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். ரெண்டு நாள் அசையாமல் வைத்தால் தண்ணீரும் தூளும் அடியில் இறங்கும். நம்ம ஊர்க் குளிரில் பாமாயில் கட்டிப்பட்டு அந்தத் தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்ளும், அதனால் வெயிலில் வைத்து இளகியபின் மேலே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் மிதக்கும் கொழுப்பை இதில் சேர்க்கவே கூடாது.

போலார் அளவு (திரும்பத் திரும்பப் பொரிப்பதால் எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருட்களின் அளவு) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அதற்கு மேல் ஓட்டினால் ஃப்ரீ அமிலமும் (எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம்) ஏறும். பயோடீசல்காரருக்கு அது சோப்பாகித் தொல்லை தரும். ஹைட்ரஜன் முறையில் அவ்வளவு தொல்லை இல்லை, ஆனால் டேங்கையும் குழாயையும் அரிக்கும். கேனில் தேதியும் எண்ணெய் வகையும் எழுதி ஒட்டுங்கள், சிக்கன் பொரித்தது இருந்தால் தனிக் கேன்.