நீருரிமையா, குடிநீர் உரிமையா, நீர் பெறும் உரிமையா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வாழத் தேவையான நீர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்னும் 'ரைட் டு வாட்டர்' என்பதற்கு 'நீருரிமை' போதும் என்று நேற்றைய மடலில் முடித்திருந்தீர்கள். சொல் சுருக்கமானது, புணர்ச்சியிலும் குறையில்லை. ஆனால் ஆற்றிலோ நிலத்தடியிலோ உள்ள நீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை 'வாட்டர் ரைட்ஸ்' என்று ஆங்கிலத்தார் பன்மையில் சொல்வதற்கும் நம் நாளேடுகள் அதே சொல்லைத்தான் நெடுநாளாக எழுதி வருகின்றன. காவிரியில் தமிழ்நாட்டின் நீருரிமை என்னும்போது ஆற்றில் ஒரு மாநிலத்துக்கு உள்ள பங்கையே குறிக்கிறோம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் குறைத்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூரு மக்களின் குடிநீர், வீட்டுத் தேவைக்கென்று கணக்கிடப்பட்டது. மாநிலத்தின் பங்கும் நகரத்தாரின் தேவையும் எதிரெதிரே நின்ற அந்தத் தீர்ப்பை விளக்கப் புகுபவர், 'நீருரிமைக்காக நீருரிமை குறைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு விழிக்க வேண்டியதுதான்.

பங்கை விற்கவும் முடியும். சிலி நாட்டின் 1981ஆம் ஆண்டு நீர்ச்சட்டம், நீரெடுக்கும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கவும் விற்கவும் கூடிய சொத்தாக்கியது. குடிக்கவும் குளிக்கவும் நீர் வேண்டும் என்று ஒருவர் கேட்கும் உரிமையை யாரும் யாருக்கும் விற்க முடியாது. பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் குடிநீர் வழங்கல் பன்னாட்டுக் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, 2000ஆம் ஆண்டில் தெருவில் இறங்கியவர்களிடமும் இந்த இரண்டு உரிமைகளும் இருந்தன. சுற்றுப்புற ஊர்களின் பாசன விவசாயிகள், வழக்காற்றின்படி தாங்கள் ஆண்டு வந்த கிணறும் வாய்க்கால் முறையும் புதிய சட்டத்தால் கைமாறிவிடும் என்று வந்தார்கள்; நகரத்தார் கட்டண உயர்வைத் தாங்க முடியாமல் வந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அந்த வரலாற்றைத் தமிழில் எழுத இரண்டு சொற்களாவது வேண்டும். விவசாயிகளின் கோரிக்கைக்கு, வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சுவதைக் குறிக்கும் 'முறைநீர்' என்ற பாசனச் சொல்லே ஏறக்குறையப் பொருந்திவிடும். நகரத்தாரின் கோரிக்கைக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

அதற்குக் குழுவில் ஒருவர் 'குடிநீர் உரிமை' என்று முன்மொழிந்திருந்தார். நான் வளர்ந்த வடசென்னை வியாசர்பாடித் தெருவில் குடிக்கிற தண்ணி வேறு, பொழங்குற தண்ணி வேறு. முன்னது கேனில் வரும், காசு கொடுத்து வாங்குவது. பின்னதற்குத் துருவாடை அடிக்கும் அடிபம்பும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ லாரியும். லாரி வரும் நாளில் விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். எல்லாம் ஒரே பச்சை, ஒரே நீலம் என்பதால் கழுத்தில் கட்டிய கிழிந்த துணியையோ ரிப்பனையோ வைத்துத்தான் யாருடையது என்று கண்டுகொள்வார்கள். லாரி இரண்டு நாளாக வராத ஒரு கோடையில் எங்கள் தெருப் பெண்களோடு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர், "குடிக்கத்தான் கேன் கிடைக்கிறதே" என்றார். "குடிக்க வாங்கிக்கறோம் சார், பொழங்கறதுக்கு எங்க போவறது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. 'குடிநீர் உரிமை' என்று நாம் பெயர் வைத்தால், அவர் சொன்னதே சரியான பதிலாகிவிடும். ஐநாவின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 2002இல் இந்த உரிமையை விளக்கி வெளியிட்ட 15ஆம் பொதுக் கருத்துரை குடிப்பதோடு நிற்கவில்லை. சமைப்பது, துவைப்பது, உடல் தூய்மை எல்லாம் அதில் அடங்கும். 2010 ஜூலை 28 அன்று பொதுப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம் கழிவகற்றலையும் நீரோடு சேர்த்தே உரிமையாக ஏற்றது.

ஆகவே 'நீர் பெறும் உரிமை' என்று கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. 'தகவல் பெறும் உரிமைச் சட்டம்' வந்த பிறகு இந்தத் தொடரமைப்பு எல்லோர் வாயிலும் புழங்குகிறது. மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டியவர் ஒருவர் உண்டு என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தனியார்மயம் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு உடனே கைகொடுக்கும். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டி நடத்தி, நீரைக் குடிநீர் வாரியத்துக்கு விற்ற தனியார் நிறுவனத்துக்கு இருந்தது ஒப்பந்த உரிமை. அந்த நீருக்காக மணலியிலும் திருவொற்றியூரிலும் குழாயைத் திறந்தவருக்கு இருப்பது நீர் பெறும் உரிமை. இரண்டையும் நீருரிமை என்றால் யார் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதே மறைந்துபோகும்.

'நீர்ப்பேறு' என்றும் சுருக்கிப் பார்த்தேன். பேறு என்றதும் தவம் செய்து பெற்றது போல ஒலிப்பதால் விட்டுவிட்டேன்.

அன்புடன், தண்டையார்பேட்டையிலிருந்து.

—

அன்புள்ள தம்பிக்கு,

குடிநீர் உரிமை குறுகலானது என்பதை ஏற்கிறேன். புழங்குநீரை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் 'பெறும்' என்பதில், வரிசையில் நின்று கைநீட்டும் பயனாளியின் சாயல் இருக்கிறது. தகவலைத் தருபவர் அரசு அலுவலர் என்பது வெளிப்படை. நீரைத் தருபவர் யார் என்பதுதானே இங்கே வழக்கு? அதைச் சொல் மட்டும் தீர்த்துவைக்காது. 'வாட்டர் ரைட்ஸ்' என்பதற்கு 'நீர்ப்பங்குரிமை' என்று வைத்துக்கொண்டால் 'நீருரிமை'யை இரண்டுக்கும் பொதுச்சொல்லாக விட்டுவிடலாமே?

—

ஐயா, வணக்கம்.

பயனாளியின் சாயல் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதைவிடப் பொருந்தும் வினை எனக்கு அகப்படவில்லை. 'நீர்ப்பங்குரிமை' ஆற்றுக்கும் ஏரிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நிலத்தடி நீருக்குத்தான் இடிக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது. அங்கே யாரும் பங்கு பிரித்துக்கொண்டு இறைக்கவில்லை, நிலம் வைத்திருந்தவர் எடுத்தார். அதற்கு 'நீரெடுப்புரிமை' என்று தனியே ஒரு சொல் வேண்டும் என்று நினைக்கிறேன். பட்டியலில் இப்போதைக்கு நீர் பெறும் உரிமை, நீர்ப்பங்குரிமை, நீரெடுப்புரிமை என மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்த்து, 'நீருரிமை'க்கு எதிரே 'பொதுச்சொல். இடம் நோக்கிப் பிரித்து எழுதுக' என்று குறித்திருக்கிறேன்.