பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா தனியாக இருக்க வேண்டும்: வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதத்தில் இடது கை, கால் பலவீனம். பேச்சு தெளிவு. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறார். திருச்சியில் தரைத்தள வீடு, வாசலில் 6 அங்குலப் படி ஒன்று, இண்டியன் டாய்லெட். என்னோடு சென்னைக்கு வர விருப்பமில்லை, தன் வீட்டில்தான் இருப்பேன் என்கிறார். காலை 7 முதல் 11 வரை அட்டெண்டர் வைக்க முடியும். எதில் தொடங்கலாம்?

தச்சன்:
பாத்ரூமில் தொடங்குங்கள். முதலில் கதவு. அது உள்பக்கம் திறக்கிறதா? கதவுக்குப் பின்னால் விழுந்துவிட்டால் யாராலும் தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

இண்டியன் டாய்லெட் மேல் வைக்கும் ஸ்டூல் ஈரத்தில் நகரும். முடிந்தால் வெஸ்டர்ன் வையுங்கள். இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் எழுவது எளிது. பிடி, உட்கார்ந்த நிலையில் வலது பக்கம் வரவேண்டும். 32 முதல் 38 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் குழாய், தரையிலிருந்து 75 செ.மீ. அளவில். ஆனால் அம்மாவை உட்காரவைத்துப் பார்த்த பிறகே சுவரில் குறியுங்கள். டவல் ராடு ஆள் எடையைத் தாங்காது. உறிஞ்சி ஒட்டும் பிடியை நம்பவே வேண்டாம், டைல்ஸ் இணைப்பில் காற்று புகுந்து கழன்றுவிடும். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடமுள்ள சிமெண்ட் கல்) சுவரில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் போல்ட்) போடச் சொல்லுங்கள்.

வாசலுக்குச் சாய்தளம் என்றால் 1:12 கணக்கில் (ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்) 6 அடி நீளம் வேண்டும். ஊன்றுகோலோடு நடப்பவருக்கு 3 அங்குலத்தில் இரண்டு படிகளே பெரும்பாலும் வசதி. கைப்பிடி இரு பக்கமும் வேண்டும். ஏறும்போது வலது கைக்கு எட்டுவது, இறங்கும்போது இடது பக்கம் போய்விடும்.

பிசியோ நெல்லை:
ஊன்றுகோல் வலது கையில்தான். செருப்போடு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பளவு உயரத்தில் இருக்கட்டும். அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். படி ஏற வலது கால் முதலில், இறங்க ஊன்றுகோலும் இடது காலும் முதலில்.

அட்டெண்டருக்கு முதல் நாளே சொல்லவேண்டியது: இடது கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பக்கவாதத்தில் தோள் தசை தளர்ந்திருக்கும், மூட்டு இறங்கிவிடும். உடுத்தும்போது இடது கை முதலில், கழற்றும்போது வலது கை முதலில். முன்பக்கம் திறக்கும் நைட்டி வாங்குங்கள், அம்மாவே போட்டுக்கொள்வார். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும், அட்டெண்டர் பக்கத்தில் நின்றால் போதும். எல்லாவற்றையும் அட்டெண்டரே செய்துவிட்டால் அம்மாவுக்கு இருக்கும் பலமும் போகும். இதை ஏஜென்சியிடமும் அழுத்திச் சொல்லுங்கள்.

கீழே விழுந்தால் அவசரமாக இழுத்துத் தூக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் 108-ஐ அழையுங்கள்.

வேப்பமரத்தடி:
காலை நாலு மணி நேரத்தை இரண்டாகப் பிரிக்க முடியுமா பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் வந்து இரவு உணவு, தண்ணீர், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை விளக்கு என்று எடுத்துவைத்துப் போனால் அம்மாவின் இரவு பத்திரம். மாத்திரை டப்பாவை வாராவாரம் குடும்பத்தார் நிரப்புங்கள். இன்சுலின், டியூப் போன்றவை நர்ஸ் வேலை, அட்டெண்டரிடம் விடாதீர்கள்.

சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வரும். ஊனம் 40 சதவீதமோ மேலோ என்று மருத்துவர் சான்றளித்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. டாய்லெட்டில் வலது பக்கம் சுவர் 4 அடி தள்ளி இருக்கிறது. பிடியை எங்கே பொருத்துவது?

தச்சன்:
பின்சுவரில் பொருத்தி மேலே மடக்கும் பிடி கிடைக்கும். அதில் பாரம் முழுவதும் முன்நுனியில் விழும், செங்கல் சுவர் என்றால் தாங்கும். ஹாலோ பிளாக் என்றால் தரையில் ஊன்றும் கால் வைத்த மாடலையே வாங்குங்கள்.