கர்னலுக்குள் புதைந்திருந்த கான்ஃபிக்: உங்கள் அனுபவம் என்ன?

கணபதி, கோவை:
திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்த கன்ட்ரோல் போர்டில் யூஎஸ்பி சீரியல் டிரைவர் சேர்க்க வேண்டி வந்தது. அதில் ஓடும் லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் உட்கருவை) பில்டு செய்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். சோர்ஸ் இருந்தது, அதில் எந்தெந்த டிரைவரும் அமைப்பும் சேர வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு இல்லை. சோர்ஸோடு வரும் இயல்பு அமைப்பான டிஃப்கான்ஃபிக் வைத்து பில்டு செய்து போர்டில் ஏற்றினேன். பூட் ஆனது, தொடுதிரை மட்டும் வேலை செய்யவில்லை. மூன்று இரவுகள் போயின. "தம்பி, வெள்ளிக்கிழமை லோடு ஏத்தோணும்" என்று முதலாளி அமைதியாகச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

பழைய கர்னலின் இமேஜ் (பில்டு செய்து முடித்த கோப்பு) ஒரு பென் டிரைவில் கிடைத்தது. கோப்பில் உள்ள எழுத்துகளைப் பொறுக்கிக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் ஒன்றும் சிக்கவில்லை, ஏனெனில் கர்னலே ஜிஜிப்பில் சுருக்கப்பட்டிருந்தது. அதை விரித்து ஹெக்ஸில் தேடியபோது, புதைத்து வைத்த கான்ஃபிக் தொடங்கும் இடத்தைக் காட்டும் ஐகேசிஎஃப்ஜி_எஸ்டி என்ற எட்டு பைட் குறியும், அதை ஒட்டியே 1எஃப் 8பி 08 என்ற ஜிஜிப் தொடக்கமும் திரையில் வந்தன. எனக்குக் கை நடுங்கியது. அந்த இடத்திலிருந்து வெட்டி விரித்ததும் முழு கான்ஃபிக்கும் வந்தது. தொடுதிரை டிரைவரின் வரியும் அதில் இருந்தது.

பெருந்துறை:
கர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில், இமேஜிலிருந்து கான்ஃபிக்கை எடுத்துத் தரும் எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக் இருக்கும்போது ஹெக்ஸில் தேடியிருக்க வேண்டியதே இல்லை. எக்ஸ்இசட், எல்இசட்4 என்று எதில் சுருக்கியிருந்தாலும் அது முயன்று பார்க்கும். அதற்கும் முன்னால், ஓடுகிற போர்டில், கர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் கான்ஃபிக்.ஜிஇசட் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். எனக்கு அந்த ஸ்கிரிப்டே கைவிட்டது. ஒரு நாள் முழுவதும் இமேஜில் தேடிய பிறகுதான், ஐகேகான்ஃபிக் (கான்ஃபிக்கைக் கர்னலோடு பதித்து வைக்கும் அமைப்பு) மாட்யூலாக, அதாவது தனிக் கோப்பாக, பில்டு செய்யப்பட்டிருப்பதும், நான் தேடியது கான்ஃபிக்ஸ்.கேஓ என்ற கோப்பில் இருப்பதும் தெரிந்தது.

கணபதி, கோவை:
பழைய கர்னலின் மேல் புதியதை எழுதிவிட்ட பிறகு ப்ராக்கில் எதைப் பார்ப்பது, அண்ணா? ஸ்கிரிப்டைப் பற்றி அன்று எனக்குத் தெரியாது.

பல்லடம்:
உங்கள் இருவருக்கும் ஐகேகான்ஃபிக் இருந்தது. எனக்கு அதுவே அணைக்கப்பட்டிருந்தது. ஒரு தறிக்கூடத்து போர்டு. கர்னலில் உள்ள செயல்கூறுகளின் பெயர்களைத் தரும் கால்சிம்ஸ் பட்டியலிலும், கர்னலுக்குள்ளேயே சேர்த்த மாட்யூல்களைச் சொல்லும் மாட்யூல்ஸ்.பில்டின் கோப்பிலும் பெயர் பெயராகப் பார்த்து கான்ஃபிக்கைக் கட்டினேன். எல்லாம் ஓடியது, தறியை நிறுத்தும் நேரம் மட்டும் பிசகியது. நொடிக்கு எத்தனை டைமர் துடிப்பு என்று சொல்லும் ஹெச்இசட் 250 ஆக இருந்த இடத்தில் நான் 100 போட்டிருந்தேன். நூல் அறுந்த பிறகும் தறி ஓடியதை நின்று பார்த்தேன்.

இதைப் படிப்பவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். கால்சிம்ஸ் எந்த டிரைவர் உள்ளே இருக்கிறது என்பதைக் காட்டும், எண்களைக் காட்டாது. மாட்யூல் எந்தக் கர்னலுக்காக பில்டு ஆனது என்று சொல்லும் வெர்மேஜிக் வரியில் எஸ்எம்பி (பல கோர் ஆதரவு), ப்ரீஎம்ப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் முறை) போன்றவை தெரியும். முதலில் அதைப் படியுங்கள். மீட்ட கான்ஃபிக்கை வேறு பதிப்புச் சோர்ஸில் வைத்து, புதிய அமைப்புகளுக்கு இயல்பு மதிப்பைப் போடும் ஓல்டுடிஃப்கான்ஃபிக் ஓட்டினால், பெயர் மாறிப்போன அமைப்புகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். ஓட்டும் முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பைலர் பதிப்பையும், போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். போர்டு விற்றவரிடம் கேட்கவும் தயங்காதீர்கள்: லினக்ஸ் கர்னலின் உரிமமான ஜிபிஎல் 2-ஆம் பதிப்பின் 3-ஆம் பிரிவு, கம்பைல் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் சோர்ஸின் பகுதியாகவே சொல்கிறது. நான் இரண்டு கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. மூன்றாவதை இந்த வாரம் அனுப்புகிறேன்.