ஹைலக்ஸ் கெப் (பிக்கப் வண்டி): ஒரு பக்க சொக் (அதிர்வுதாங்கி) மட்டும் மாற்றலாமா?

கேள்வி: உன்னிச்சை வயலில் இருந்து வவுணதீவுக்கு நெல் மூட்டை ஏற்றுகிறேன். வலது பின் சொக்கில் எண்ணெய் கசிந்து, கிரவல் புழுதி சேறாக அப்பிக் கிடக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா அண்ணாமார்?

மறுமொழி: வேண்டாம் தம்பி, ஜோடியாகவே மாற்றுங்கள். கேஸ் (வாயு) நிரப்பிய சொக் நல்லது. வரிவரியான கிரவல் ரோட்டில் எண்ணெய் சூடாகி நுரைக்கும். உள்ளிருக்கும் நைட்ரஜன் அழுத்தம் அதைக் குறைக்கும். மூட்டைப் பாரத்தைத் தாங்குவது என்னவோ லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) தான், அதையும் பாருங்கள்.

மறுமொழி: கெப்பை வழமையைவிட உயரமாக்கி மாற்றியிருந்தால் நீளமான சொக் வேண்டும்.

மறுமொழி: மனே, ஒன்று கவனம். ஜாக்கில் தூக்கி வைத்தபடி சொக் முனையிலுள்ள புஷ் (ரப்பர் வளையம்) நட்டை முழுதாக இறுக்காதே. நான் அப்படி இறுக்கி, புது ரப்பர் முறுகிக் கிழிந்துபோனது. சக்கரம் தரையில் நின்ற பிறகு இறுக்கு.

கேட்டவர்: சரி, இரண்டும் வாங்குகிறேன். கெப்பை உயரமாக்கவில்லை அண்ணா.